பருவம் அன்று என்று யார் சொல்வது?

1

குறுந்தொகையின் 66ஆம் பாடல் ஐந்தே அடிதான். அதைக் காதல் பாட்டாகவே படித்துப் பழகியிருக்கிறோம். காதல் பாட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஐந்து அடியில் தலைவனும் தலைவியும் ஏறக்குறைய இல்லை. ஒரு மரம் இருக்கிறது, அந்த மரத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்கிப்போகிறாள். தோழி அவளைத் தேற்றுகிறாள்: இது கார் இல்லை, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்து இந்தக் கொன்றைகள் பூத்துவிட்டன, அதுகளுக்கு அறிவில்லை.

மரத்துக்கு அறிவில்லை என்ற இந்த வாதம் சில ஆண்டுகளாக எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. காரணம் கவிதைக்கு வெளியே இருக்கிறது. ஏப்ரல் நடுவில் வரும் விஷுவுக்குக் கணியில் வைக்கப்படும் கொன்னை, கேரளத்தில் பல இடங்களில் ஜனவரி, பிப்ரவரியிலேயே பூத்துவிடுவதாகச் செய்தி வந்துகொண்டிருக்கிறது. கொன்னையும் கொன்றையும் ஒரே மரம், நம் சரக்கொன்றை. இங்கிலாந்தில் மார்ச் மாதத்துக் களைச்செடி ஜனவரிப் பனியில் பூத்து நிற்கிறது. ஜப்பானில் நவம்பரில் செர்ரி பூக்கிறது. ஒவ்வொரு முறையும் செய்தித் தலைப்பு தோழி சொன்னதைத்தான் சொல்கிறது: செடிகள் குழம்பிவிட்டன, பூக்கள் ஏமாந்துவிட்டன.

ஒரு பெண்ணைத் தேற்ற இன்னொரு பெண் சொன்ன வார்த்தை, இன்று நம் எல்லோருக்கும் பொது விளக்கமாக ஆகியிருக்கிறது. அது செடிக்கும் நியாயம் செய்யவில்லை, கவிதைக்கும் நியாயம் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

2

முதலில் கவிதையின் பக்கம்.

கூதிரிலோ முன்பனியிலோ ஏதாவது ஒரு மரம் எதிர்பாராமல் பூத்துவிட்டால் போதும், சங்கப்பாடல் ஒன்றைப் படமாக்கிப் போட்டு 'இதை அப்பவே சொல்லிட்டாங்க' என்று நம்மவர்கள் பகிர ஆரம்பித்துவிடுகிறார்கள். பருவம் தப்பிய பூவைச் சங்கப் புலவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள், ஆகவே காலநிலை மாற்றம் நமக்குப் புதிதில்லை என்பது அதன் சாரம். சிலர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். வேறு சிலர், அப்பவும் இப்படித்தானே இருந்தது, இப்ப மட்டும் ஏன் பதறணும் என்று கேட்பதற்காகச் சொல்கிறார்கள். இரண்டாவது வகைதான் ஆபத்தானது.

இந்த வாசிப்பு அடிப்படையிலேயே பிழை. அந்தப் பாடல்களில் பருவம் தப்பிய பூவே கிடையாது. பருவம் கண்டு வருந்தும் தலைவியிடம், இது நீ நினைக்கும் பருவம் அன்று என்று தோழி வற்புறுத்துவது அகப்பாடல்களில் நிலைபெற்ற ஒரு சூழல். அதன் உயிர் எங்கே இருக்கிறது? பருவம் உண்மையிலேயே வந்துவிட்டது என்பதில் இருக்கிறது. தோழிக்கு அது தெரியும். தலைவிக்கும் உள்ளூரத் தெரியும். கேட்கும் நமக்கும் தெரியும். மழை கார்மழைதான், பூ சரியான நேரத்தில் பூத்த பூதான், தப்பியவன் ஆள் மட்டும்தான். அவனுடைய தாமதத்தை மறைக்க மரத்தின் தலையில் பழி போடப்படுகிறது. புலவர் பதிவுசெய்தது பருவம் தப்பிய பூவை இல்லை, பருவம் தப்பிவிட்டது என்று ஒருத்தி சொல்ல வேண்டிவந்த நிலைமையை. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் கவிதையே இருக்கிறது. அதைத் தரவாகப் படித்தால் கவிதையும் போகும், தரவும் கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று நம் ஊர்களில் சரக்கொன்றை உச்சமாகப் பூத்துக் குலுங்குவது கோடையில். சங்கக் கவிதை அதைக் காரின் அடையாளமாக வைக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார் என்பது இலக்கணக் கணக்கு. திணை என்பது ஒரு ஒப்பந்தம், நாட்குறிப்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒப்பந்தம் என்றதும் அதில் உயிர் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே சூழலை வைத்துக்கொண்டு எத்தனை மாதிரி யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 66ஆம் பாடலில் தோழி மரத்தின் அறிவைச் சந்தேகிக்கிறாள். ஓதலாந்தையாரின் 21ஆம் பாடலில் தலைவியே பேசுகிறாள். காடு முழுக்கப் பூத்து இது கார் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்கிறாள். அங்கே பொய்யாகிப்போவது காடு. ஒரு ஆளின் சொல்லைக் காப்பாற்ற ஒரு முழுக் காட்டையும் பொய்யாக்கத் துணிகிறாள். அந்தத் துணிச்சலுக்குள் இருக்கும் பயம்தான் பாட்டு.

எனக்கு மிகவும் பிடித்தது இடைக்காடரின் 251ஆம் பாடல். அதில் மயில்கள் ஆடுகின்றன, பிடவம் பூக்கிறது. இரண்டுமே ஏமாந்தவை என்கிறாள் தோழி. ஏன்? மேகம் புதுநீரை முகந்துகொள்ள வேண்டும், அதற்காகப் போன மழையில் மிச்சமிருந்த பழைய நீரைக் கொட்டித் தீர்க்கிறது, அந்த முழக்கத்தைக் கேட்டு இவை ஏமாந்துவிட்டன என்று காரணம் கண்டுபிடிக்கிறாள். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. புதுத் தரவை ஏற்றுவதற்கு முன் பழைய தரவை வெளியே தள்ளும் வேலையை நாங்கள் தினமும் செய்கிறோம். ஒரு துக்கத்தைத் தள்ளிப்போட ஒருத்தி இவ்வளவு கச்சிதமான தொழில்நுட்ப விளக்கத்தை உருவாக்குகிறாள். பொய் என்று தெரிந்தும் அதில் அன்பு தெரிகிறது. சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகாமல், யோசித்துச் சொல்லியிருக்கிறாள்.

3

இனி செடியின் பக்கம்.

ரிச்சர்டு ஃபிட்டர் இங்கிலாந்தின் இயற்கை எழுத்தாளர், களக்கையேடுகள் எழுதியவர். 1954 முதல் 2000 வரை, 47 ஆண்டுகள், ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதியில் ஒவ்வொரு செடியும் அந்த ஆண்டில் முதன்முதலாகப் பூத்த நாளைக் குறித்துவைத்தார். அவருடைய மகன் ஆலஸ்டர் ஃபிட்டர் சூழலியலாளர். அப்பாவின் குறிப்புகளை எடுத்து இருவருமாக 2002இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். 385 வகைச் செடிகள். 1991க்கு முந்தைய நாற்பதாண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால், கடைசிப் பத்தாண்டில் முதல் பூ சராசரியாக நாலரை நாள் முந்தியிருந்தது. நாலரை நாள்தானே என்று தோன்றும். சராசரி எப்போதும் அப்படித்தான், கதையை மறைத்துவிடும். 16 சதவீதச் செடிகள் தெளிவாகவே முந்தியிருந்தன, அவற்றின் சராசரி முந்தல் 15 நாள்.

அந்தப் பட்டியலில் ஒரு களைச்செடி வருகிறது. லாமியம் ஆல்பம். துளசியும் தும்பையும் சேர்ந்த குடும்பம்; தும்பை மாதிரியே வெள்ளைப் பூ. இலையைப் பார்த்தால் செந்தட்டி என்று கையை இழுத்துக்கொள்வோம், ஆனால் தொட்டால் அரிக்காது. 1990 வரை இதன் முதல் பூ சராசரியாக மார்ச் 18 அன்று வந்திருக்கிறது. அதற்கடுத்த பத்தாண்டில் சராசரி ஜனவரி 23. வசந்தத்தின் வாசலில் பூத்த செடி, குளிர்காலத்தின் நடுக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம்.

இதை ஒருவரின் நோட்டுப்புத்தகம் என்று ஒதுக்கவும் முடியாது. 2022இல் பிரிட்டன் முழுவதுக்குமான, 18ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்து 406 வகைச் செடிகளை ஆராய்ந்தார்கள். 1987க்குப் பிறகான சராசரி முதல் பூ, அதற்கு முந்தைய காலத்தைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முந்தியிருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 2012 முதல் பிரிட்டன், அயர்லாந்து தாவரவியல் கழகத்தின் சார்பில் ஆயிரக்கணக்கானவர்கள் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் வெளியே போய், பூத்திருக்கும் காட்டுச்செடிகளை எண்ணுகிறார்கள். அதிகபட்சம் மூன்று மணிநேரம், கண்ணில் படும் எல்லாப் பூவும் கணக்கு. அந்தப் பட்டியலில் வசந்தத்தை முந்திக்கொண்டு வந்தவை கொஞ்சம்தான். பெரும்பங்கு, போன இலையுதிர் காலத்திலேயே முடிந்திருக்க வேண்டியது, உறைபனி வராததால் இன்னும் பூத்துக்கொண்டிருப்பவை. ஜனவரியில் ஒரு பூவைப் பார்த்தால் அது சீக்கிரம் வந்த விருந்தாளியா, இன்னும் கிளம்பாத விருந்தாளியா என்று கேட்கவேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். இலக்கியத்தில் நாம் 'பருவம் தப்பிய பூ' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் இடம் இது.

சரி, இந்தச் செடிகள் ஏமாந்துவிட்டனவா?

எங்கள் தொழிலில் ஒரு வேலையைத் தொடங்கிவைக்கப் பொதுவாக இரண்டு வழி உண்டு. ஒன்று கடிகாரம்: இரவு இரண்டு மணியானால் ஓடு. இன்னொன்று நிகழ்வு: கோப்பு வந்துசேர்ந்தால் ஓடு. கடிகாரத்தை நம்பும் நிரல், கோப்பு வந்திருந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணிக்கு ஓடும். நிகழ்வை நம்பும் நிரல், கோப்பு முன்னாடியே வந்தால் முன்னாடியே ஓடும். செடிகளில் இரண்டு வழியும் உண்டு. பகலின் நீளத்தை அளந்து பூப்பது கடிகாரம் மாதிரி. டிசம்பர் 21 அன்று பகல் எவ்வளவு நீளமோ, ஆயிரம் ஆண்டு கழித்தும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். வெப்பத்தைப் பார்த்துப் பூப்பது நிகழ்வு மாதிரி. பல செடிகள் இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து வைத்திருக்கின்றன.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, நினைவு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியை வைத்து, நார்விச்சில் உள்ள ஜான் இன்னஸ் ஆய்வு மையத்தில் கரோலின் டீன் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். அந்தச் செடியில் பூப்பதைத் தடுத்துவைக்கும் ஒரு மரபணு உண்டு. வாரக்கணக்கில் குளிர் நீடித்தால் செல் செல்லாக அந்தத் தடுப்பு அணைக்கப்படுகிறது. குளிர் போன பிறகும் அது அணைந்தே இருக்கும். அதாவது, குளிர்காலம் ஒன்று கடந்துபோனது என்பதைச் செடி ஞாபகம் வைத்திருக்கிறது. அக்டோபரில் நான்கு நாள் இதமாக வெயில் அடித்ததும் வசந்தம் என்று துள்ளிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. தோழி சொன்ன 'காலமில்லாத மழை'க்கு ஏமாறாமல் இருக்கத்தான் இவ்வளவு பெரிய எந்திரமே கட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே ஜனவரியில் பூத்த செடியைப் பார்த்து அதற்கு அறிவில்லை என்பது, வெப்பமானி காட்டும் எண் பிடிக்காமல் வெப்பமானியைத் திட்டுவது போல. செடி சரியாகத்தான் வாசித்திருக்கிறது. வாசிக்கப்பட்டதுதான் மாறிவிட்டது.

4

கவிதையில் நாம் விரும்பும் குணம் ஒன்று உண்டு: மாறாமல் நிற்பது. சொன்ன சொல் தவறாதவன், காத்திருப்பவள், தன் காலம் வரும்வரை மொட்டைத் திறக்காத மரம். முந்திப் பூத்த கொன்றை அற்பம், காத்திருக்கும் தலைவி உயர்வு என்ற ஒரு சமன்பாடு தோழியின் வாதத்துக்குள் ஓசையில்லாமல் இருக்கிறது. இயற்கை இதை எப்படி மதிப்பிடுகிறது என்பதற்கு அமெரிக்காவின் கான்கார்டில் ஒரு பதில் இருக்கிறது.

'வால்டன்' எழுதிய ஹென்றி டேவிட் தோரோ, 1852 முதல் 1858 வரை தன் ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான செடிகள் எந்த நாளில் பூக்கின்றன என்று குறித்துவைத்தார். அவரை நாம் தனிமையின் எழுத்தாளராக, ஒத்துழையாமையின் எழுத்தாளராகப் படிக்கிறோம். அந்தப் பூப்பட்டியல்களை இலக்கிய விமர்சகர்கள் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. அவற்றுக்கு உரை எழுதியவர் ஒரு தாவரவியலாளர், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு ப்ரைமாக். அவரும் ஆபிரகாம் மில்லர்-ரஷ்ஷிங்கும் அதே ஊரில் அதே செடிகளைத் தேடிப் போனார்கள். சராசரியாக ஒரு வாரம் முந்திப் பூக்கின்றன என்று கண்டார்கள். கூடவே, தோரோ பார்த்த பல செடிகள் அங்கே இல்லவே இல்லை என்பதையும் கண்டார்கள்.

2008இல் இவர்கள் சார்ல்ஸ் வில்லிஸ் முதலியவர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. தோரோ காலத்துச் செடிவகைகளில் 27 சதவீதம் அந்த ஊரிலிருந்து மறைந்துவிட்டன. இன்னொரு 36 சதவீதம் எந்நேரமும் மறையலாம் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டன. எவை மறைந்தன? வெப்பத்துக்கு ஏற்பப் பூக்கும் நாளை நகர்த்திக்கொள்ளாதவைதான் அதிகம் அழிந்தன. ஆர்க்கிட், லில்லி, வயோலா என்று கவிதைக்குப் பிரியமான பல குடும்பங்கள் அதில் அடக்கம். நாளை நகர்த்திக்கொண்டவை தாக்குப்பிடித்தன.

எனக்கு இது வெறும் சூழலியல் செய்தியாகப் படவில்லை. ஒரு விழுமியத்தையே கேள்வி கேட்கிற விஷயமாகப் படுகிறது. தன் பருவத்துக்கு விசுவாசமாக இருந்த செடி செத்துப்போனது. 'அறிவில்லாத' செடி பிழைத்தது. இதிலிருந்து மனிதர்களுக்கு ஒரு நீதியை உருவி எடுக்கும் ஆசை வரும். சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள் என்று மேலாண்மைப் புத்தகம் பேச ஆரம்பித்துவிடும். அந்தப் பக்கம் போகவேண்டாம். முந்திப் பூத்தவையும் முழுப் பாதுகாப்பில் இல்லை: பின்னால் ஒரு உறைபனி வந்தால் பூ கருகும், வரவேண்டிய பூச்சி வராமலும் போகலாம். நான் சொல்வது இவ்வளவுதான்: முந்திப் பூத்த மரத்தைப் பரிகாசத்துக்கு உரியதாக வைத்திருக்கும் நம் கவிதைப் பழக்கம் இனி செல்லாது.

மலையாளத்தில் ஐயப்ப பணிக்கர் இந்தப் பரிகாசத்திலிருந்து மரத்தை விடுவித்தார் என்று சொல்லலாம். 'பூக்காதிரிக்கான் எனிக்காவதில்லே' என்ற அவருடைய கவிதையில் கொன்னையே பேசுகிறது. அந்தத் தலைப்பின் பொருள், பூக்காமல் இருக்க என்னால் ஆகாது என்பது. முட்டாள்தனம், பைத்தியம் என்ற வார்த்தைகளின் இடத்தில் இயலாமை வந்துவிடுகிறது. மரத்தை இன்னொரு உயிராக வைத்துப் பார்க்கும் இடம் அது. ஆனால் அந்த மரத்துக்கும் விஷு என்று ஒரு நாள் இருக்கிறது. அந்த நாள் வந்ததால்தான் அதனால் பூக்காமல் இருக்க முடியவில்லை. விஷுவுக்கு இரண்டு மாதம் முன்பே பூத்துத் தீர்ந்த கொன்னை என்ன சொல்லும்? கேரளச் சந்தைகளில் இப்போது விஷு சமயத்தில் பிளாஸ்டிக் கொன்னைப்பூ விற்கிறார்கள். அது எந்தப் பருவத்திலும் மஞ்சளாகவே இருக்கும்.

5

இதற்கென்று தனியாக ஒரு சொல்லே வைத்திருப்பவர்கள் ஜப்பானியர்கள். ஹைக்கூவில் பருவச்சொல் கட்டாயம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அந்தச் சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்த அகராதிகள் அவர்களிடம் உண்டு. அதில் குளிர்காலத் தொடக்கத்துக்கான சொற்களில் ஒன்று 'கயெரிபனா', திரும்பி வந்த பூ. வசந்தத்தில் பூக்கவேண்டிய செர்ரியோ அசேலியாவோ நவம்பர் வாக்கில் சில இதமான நாட்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூப்பதற்குப் பெயர். பாஷோவே இதை வைத்து எழுதியிருக்கிறார். இன்னொரு சொல்லும் உண்டு, 'குருயிஸகி'. பித்துப்பிடித்துப் பூத்தல் என்று பொருள். தோழியின் வசைக்கு அக்கா முறை.

இரண்டு சொற்களில் எது உண்மைக்குப் பக்கம்? செர்ரியின் அடுத்த வசந்தத்துக்கான மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. இலையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் அதைத் தூங்கவைக்கிறது. புயலோ புழுவோ இலையைச் சீக்கிரம் உதிர்த்துவிட்டால் தூங்கவைக்க ஆள் இல்லை. கொஞ்சம் வெயில் கிடைத்ததும் மொட்டு திறந்துகொள்கிறது. 2018இல் பெரும் புயல்கள் அடித்து ஓய்ந்தபின் இலையுதிர் காலத்தில் ஜப்பானில் பல ஊர்களில் செர்ரி பூத்தது இதனால்தான். ஆக அது திரும்பி வந்த பூ இல்லை, பித்துப்பிடித்த பூவும் இல்லை. வரும் வசந்தத்தின் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கப்பட்ட பூ. அந்த மொட்டு மார்ச்சில் மறுபடி திறக்காது.

கயெரிபனா என்ற சொல் அழகாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது அபூர்வமாக நடக்கவேண்டும். குளிர்காலத்தில் செர்ரி பூக்காது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கும்வரைதான், பூத்த ஒரு செர்ரியைப் பார்த்து ஒருவர் நின்று கவிதை எழுதமுடியும். ஆண்டுதோறும் நடந்தால் அது செய்தியும் இல்லை, கவிதையும் இல்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஜப்பான் வானிலை நிறுவனம் 1953 முதல் நாடு முழுக்க ஒரே முறையில் பருவ அறிகுறிகளைக் கவனித்துவந்தது. எந்த ஊரில் எப்போது எந்தப் பூ, எப்போது முதல் சிள்வண்டு என்று 34 செடிவகைகள், 23 விலங்கு, பூச்சி, பறவை வகைகள். 2021 தொடக்கத்தில் அதை ஆறு செடிகளாகச் சுருக்கிவிட்டார்கள். உயிரினங்கள் அத்தனையும் பட்டியலிலிருந்து நீக்கம். நகரம் பெருத்ததால் நிலையங்களுக்குப் பக்கத்தில் கவனிப்பதற்கான உயிர்களே கிடைப்பதில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பிறகு தன்னார்வலர்களைக் கொண்டு அந்த வேலையைத் தொடர ஏற்பாடு நடந்தது என்பது ஆறுதல். ஆனாலும் ஒரு நாட்டின் கவிதை இலக்கணத்துக்கு அடியில் இருந்த கவனிப்பு, அதே நாட்டின் அலுவலகக் கோப்பில் ஓர் உத்தரவில் சுருங்கியதைப் பார்க்கும்போது, பருவச்சொல் அகராதி மெல்ல ஒரு பழம்பொருள் பட்டியலாக மாறுவது தெரிகிறது.

6

மறுபடி தோழியிடம் வருகிறேன்.

இங்கிலாந்தின் தெற்கில் ஒரு ஆர்க்கிட் உண்டு, சிலந்தி ஆர்க்கிட் வகை. அது ஒரு குறிப்பிட்ட காட்டுத்தேனீயின் பெண்ணைப் போல மணம் விட்டு ஆண் தேனீயை ஏமாற்றி மகரந்தம் கடத்துகிறது. தேன் கிடையாது, வெறும் பொய். இந்தப் பொய் பலிக்க ஒரு ஏற்பாடு இருந்தது. ஆண் தேனீக்கள் முதலில் மண்ணிலிருந்து வெளியே வரும், பெண்கள் கொஞ்ச நாள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் ஆர்க்கிட் பூக்கும். 2014இல் வெளியான ஆய்வு, 1848 வரை பின்னோக்கிப் போகும் உலர்செடிப் பதிவுகளையும் அருங்காட்சியகத் தேனீக்களையும் ஒப்பிட்டது. வசந்தகால வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஆர்க்கிட் சுமார் 6 நாள் முந்துகிறது, ஆண் தேனீ சுமார் 9 நாள் முந்துகிறது, பெண் தேனீ சுமார் 15 நாள் முந்துகிறது. நிஜப் பெண் வந்துவிட்ட பிறகு போலியை யார் சீண்டுவார்கள்?

பொய்க்கும் ஒரு பருவம் இருக்கிறது. தோழியின் பொய்யும் இப்படித்தான் வேலை செய்தது. தலைவன் வரத்தான் போகிறான், கொஞ்சம் தாமதம், அதுவரைக்கும் தாங்க ஒரு சொல் வேண்டும். அந்த இடைவெளி சிறியது என்ற நம்பிக்கையில்தான் 'பருவம் அன்று' என்பது அன்பாகிறது. யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே அதைச் சொன்னால் அது வேறு ஏதோ. இன்று ஜனவரிப் பூவைக் காட்டி, செடிதான் குழம்பிவிட்டது, அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அந்த வேறு ஏதோதான். பழைய குளிர்காலம் எங்கேயோ வழியில் இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடும் என்று அதற்குப் பொருள். அப்படி எதுவும் வழியில் இல்லை.

என்னை அதைவிடத் தொந்தரவு செய்வது இன்னொன்று. தோழியால் பொய் சொல்ல முடிந்ததே, கார் என்றால் என்ன என்று அவளுக்கும் தலைவிக்கும் பொதுவாகத் தெரிந்திருந்ததால்தான். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்வதை நாம் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிட்டோம். கருவும் உரியும் எழுந்து நிற்க ஒரு தரை வேண்டும், அந்தத் தரையில் பாதி பொழுது என்பதுதான் அதன் உள்ளர்த்தம். மீனியலாளர் டேனியல் பாலி 1995இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறை மீனியலாளர்களும் தாங்கள் வேலையைத் தொடங்கியபோது பார்த்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் மொத்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. பருவத்துக்கும் இது அப்படியே பொருந்தும். ஜனவரியில் கொன்னை பூப்பதை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு, அது முந்திவிட்டது என்று எப்படித் தெரியும்? பருவம் அன்று என்று சொல்வதற்கே ஒரு பருவம் கையில் இருக்கவேண்டும். அது இல்லாதவர்களுக்கு 66ஆம் பாடல் வெறும் புலம்பலாகக் கேட்கும். அதில் இருக்கும் பொய்யும் கேட்காது, அன்பும் கேட்காது.

நம் சமகாலக் கவிதைகளில் பருவம் தப்பிய பூ நிறைய வருகிறது. பெரும்பாலும் பூமியின் கண்ணீராக, அபாயச் சங்காக, தனிமையின் படிமமாக வருகிறது. எந்தப் பூ, எந்த மாதம், முன்பு எப்போது பூத்தது என்று கேட்டால் கவிதையில் பதில் இருக்காது. பூ என்று பொதுவாக எழுதிவிட்டால் அது எப்போது பூத்தாலும் கவிஞருக்கு ஒன்றுதான். சங்கக் கவிஞர் பிடவம் என்றார், பித்திகம் என்றார், கொன்றை என்றார். பழைய நீர், புது நீர் என்று மழையைக்கூடப் பிரித்தார். அவர்கள் எழுதியது நாட்குறிப்பு இல்லைதான். ஆனால் பெயரும் பொழுதும் துல்லியமாக இருந்ததால்தான் அந்த ஒப்பந்தத்தை மீறி ஒருத்தி பொய் சொன்னபோது அது இரண்டாயிரம் ஆண்டு கழித்து நமக்குக் கேட்கிறது. நம்மிடம் துக்கம் இருக்கிறது, பெயர்தான் இல்லை.

சீசன்வாட்ச் என்று இந்தியாவில் ஒரு குடிமக்கள் அறிவியல் திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை அதில் துளிர், மொட்டு, பூ, காய் எந்த அளவில் இருக்கிறது என்று குறிக்கவேண்டும், அவ்வளவுதான். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இதில் பெரிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள், கொன்னையும் அவர்கள் கவனிக்கும் மரங்களில் உண்டு. அவர்கள் யாரும் கவிதைக்காக இதைச் செய்யவில்லை. ஆனால் இருபது ஆண்டு கழித்து ஒரு மலையாளக் கவிஞர், இது பருவம் அன்று என்று ஒரு வரி எழுத நினைத்தால், அந்த வரி பொய்யா மெய்யா என்று சொல்லக்கூடிய சாட்சிகளாக அந்தப் பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் தெருவிலும் ஒரு சரக்கொன்றை இருக்கக்கூடும். இந்த ஆண்டு அது எந்தத் தேதியில் முதல் சரத்தை விட்டது?